இடிவேந்தனுக்குப் போன வசனம்

அந்தப் பனியன் மேல துண்டைப் போட்டுக்கோ தம்பி. தப்பா நெனைக்காதே. மாட்டுத்தாவணியில இருந்து பார்த்துக்கிட்டே வர்றேன். ஜன்னல் பக்கம் திரும்புனா வெயில் மூஞ்சியில அடிக்குது, இந்தப் பக்கம் திரும்புனா உன் நெஞ்சுல அது எழுதிக் கிடக்கு. 'கேட்பதற்கு ஆளில்லை என்று நினைத்தாயா? நான் கேட்கிறேன்!' வாந்தி வர்ற மாதிரி இருக்கு. பஸ் ஆட்டத்துக்கு இல்லை, அந்த எழுத்தைப் பார்த்துத்தான்.

நீயும் அந்த இடிவேந்தன் விழா மண்டபத்துக்குத்தான் போயிட்டு வர்றியா? சாப்பாட்டுக்கு முன்னாடியே பனியனை வாங்கிட்டுக் கிளம்பிட்டியா? தப்பிச்சே. நான் தப்பிக்க முடியலை. முன்வரிசையில உட்கார வச்சுட்டாங்க. ஆமா, முன்வரிசைதான். இந்த வசனத்தை எழுதுன மனுஷனோட பொண்டாட்டி நான். வெயிலுமுத்து பொண்டாட்டி தவமணி. ஏய், எந்திரிக்காதே. காலைத் தொடுறேன்னு பஸ்ல விழுந்து வைக்காதே. உட்காரு.

உனக்கு அவரு பெரிய ஆளு. எனக்குத் தெரியும். சின்ன வயசுல இருந்து இடிவேந்தன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்தேன்னு சொல்லுவே. இன்னைக்கு மட்டும் அம்பது பேரு சொல்லிட்டாங்க. தலை நரைச்சவன், பேங்க் மேனேஜரு, போலீஸ்காரன், எல்லாவனும் சொல்றான். ஒருத்தன் அழுதே போட்டான். அம்மா, உங்க வீட்டுக்காரரு எழுத்தாலதான் எனக்குத் தைரியம் வந்துச்சுங்கிறான். எனக்குச் சிரிக்கிறதா, செருப்பைக் கழட்டுறதான்னு தெரியலை.

அவரு வேலை என்னன்னு தெரியுமா உனக்கு? சொல்றேன். சிவகாசியில ஒரு பிரஸ்ல காமிக்ஸ் போட்டாங்க. படம் பூராம் வெளிநாட்டுல இருந்து வரும். எவனோ வரைஞ்சது, என்ன பாஷைன்னு பிரஸ்ல ஒரு பிள்ளைக்குத் தெரியாது. கூடவே இங்கிலீஷ்ல கதையைச் சுருக்கி ஒரு தாள் வரணும். பாதி மாசம் அதுவும் வராது. புஸ்தகம் ஒண்ணாம் தேதி கடைக்குப் போயாகணும்ல. முதலாளி என்ன செய்வாரு? படத்தை இவரு முன்னாடி போட்டு, வெயிலுமுத்து, வாய்க்கு ஏத்தாப்புல எதையாவது எழுதுன்னுருவாரு. தலைக்கு மேல வெள்ளையா பலூன் இருக்கும் பாரு, அதுல இருக்கிற வெளிநாட்டு எழுத்தை வெள்ளை மை வச்சு அழிச்சுருவாங்க. அந்த இடத்துல இவரு தமிழைப் போடுவாரு. ஒருத்தன் வாயை அகலத் திறந்திருந்தா ஆவேச வசனம். பாதி திறந்திருந்தா தத்துவம். மூடியிருந்தா 'மனதுக்குள்'னு போட்டு ஒரு வசனம். இம்புட்டுத்தான் தொழிலு.

அந்த ஹீரோவுக்கு இடிவேந்தன்னு பேரு வச்சதே இவருதான். அவன் ஊருல அவனுக்கு என்ன பேரோ.

இவரு கண்ணாடி முன்னாடி நின்னு வாயைத் திறந்து திறந்து பார்ப்பாரு. சத்தம் வராது. எந்த வசனம் பலூனுக்குள்ள அடங்கும்னு பார்க்கிறாராம். நான் கல்யாணமாகி வந்த புதுசுல பயந்தே போயிட்டேன், மனுஷனுக்குக் கோளாறுன்னு. அப்புறம் பழகிருச்சு. 'இருட்டுக்கு என் முகவரி தெரியும்'னு ஒரு வசனம் எழுதுனாரே, ஞாபகம் இருக்கா? நீ தலையை ஆட்டுறே. முகவரி தெரிஞ்சா என்ன, தபாலா போடப் போகுது? 'ஓடு, நீ ஓடுவதற்கு இந்தப் பூமி போதாது.' இது இன்னொண்ணு. ஊருக்குள்ள ஆட்டோ பின்னாடியெல்லாம் இதுதான். வீட்டுல இவரு என்ன பேசுனாருன்னு கேளு. 'கொஞ்சம் தண்ணி.' 'போதும்.' 'வர்றேன்.' இந்த மூணைத் தாண்டி எனக்கு ஒரு வசனமும் எழுதலை.

அவங்க அண்ணன் வீட்டோடதான் அப்ப இருந்தோம். மூத்தாரு காலண்டர் ஏஜெண்ட். அந்த வீட்டுல அவரு பொண்டாட்டி கனகமணி வச்சதுதான் சட்டம். எனக்கு ஓரகத்தி. அக்கா அக்கான்னு பின்னாடியே நான் சுத்துன காலம் ஒண்ணு இருந்துச்சு. இப்ப நெனைச்சா என் மேலேயே எனக்கு எரிச்சலா இருக்கு.

அவ தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீட்டாரு பேச வந்தாங்க, எங்க வீட்டுல வச்சு. கூடம் நிறைய ஆளு. கனகமணி சங்கிலியை எடுத்துப் போட்டுட்டு வர உள்ளே போனவ, வெறுங்கழுத்தோட வந்து நிக்கிறா. சங்கிலியைக் காணோமாம். நான் தட்டுல காராச்சேவு வச்சுக்கிட்டு நிக்கிறேன். என்னை மேலேயும் கீழேயும் பார்த்தா. பார்த்துட்டு, அம்புட்டுப் பேரு மத்தியில சொல்றா: "கை நீளமானவளை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கோம். நாமதான் பூட்டி வைக்கணும்."

கேட்டுக்கோ தம்பி. கை நீளமானவ. என்னை.

அதோட விட்டாளா? என் டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துட்டு வரச் சொன்னா. சேலை, பாவாடை, உள்துணி, எல்லாத்தையும் ஆம்பளைங்க முன்னாடி உதறிக் காட்டுனா. எங்க அய்யா கல்யாணத்துக்கு எடுத்துக் குடுத்த பட்டு காராச்சேவு தட்டு மேல விழுந்து எண்ணெயாப் போச்சு. எங்க மாமியாரு வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்தாங்க. மூத்தாரு செருமுனாரு. நான் யாரையும் பார்க்கலை. கதவோரம் நின்ன என் புருஷனை மட்டும்தான் பார்த்தேன்.

அவரு பேனா மூடியைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தாரு. கழட்டுறாரு, மாட்டுறாரு. நான் அவரு வாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். திறக்கும், இந்தா திறக்கப் போகுதுன்னு. ஒரே ஒரு வார்த்தை போதும் தம்பி. 'அண்ணி, நிப்பாட்டுங்க.' அம்புட்டுத்தான். நான் பெரிய வசனம் கேட்கலை. பலூனே தேவையில்லாத வசனம். திறக்கலையே.

வந்தவங்க போனப்புறம் சங்கிலி கிடைச்சது. அவ மடிச்சு வச்சிருந்த ஜாக்கெட்டுக்குள்ளேயே கிடந்துச்சு. குளிக்கப் போகையில அவளே கழட்டிச் சொருகி வச்சிருக்கா. "அட, இங்கதான் கிடக்கு, விடு"ன்னா. யாரை விடச் சொன்னாளோ. நான்தான் உட்கார்ந்து என் துணியைத் திரும்ப மடிச்சேன்.

மறுநாள் காலையில அவருக்குச் சட்டை எடுத்துக் குடுக்கையில கேட்டேன். சண்டை போடலை. மெதுவாத்தான் கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அதுக்கு அவரு சொன்ன பதிலு: "நீ எடுக்கலைன்னு நமக்குத் தெரியாதா? அவங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

நமக்குத் தெரியுமாம். எனக்குத் தெரியாதா நான் எடுக்கலைன்னு? கூடத்துல இருந்தவங்களுக்குல்ல தெரியணும். அந்த மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்துல ஒரு பொம்பளையை ரொம்ப வருஷம் கழிச்சு விருதுநகர் கோயில்ல பார்த்தேன். என்னைக் கண்டதும் கைப்பையை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டா. இதுக்கு என்ன சொல்றே நீ?

சரி. அது நடந்து அடுத்த மாசம். தெருவுல பிள்ளைங்க கத்திக்கிட்டு ஓடுதுங்க. கேட்பதற்கு ஆளில்லை என்று நினைத்தாயா, நான் கேட்கிறேன், நான் கேட்கிறேன்னு. ஒண்ணு இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்குது, இன்னொண்ணு துண்டை முதுகுல கட்டிக்கிட்டு மதில்ல இருந்து குதிக்குது. என்னடா இதுன்னு பக்கத்து வீட்டுல புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நான் அதுவரைக்கும் அவரு எழுதுனதை ஒரு பக்கம் படிச்சதில்லை. தெருக்குழாயில வரிசையில நின்னுக்கிட்டே புரட்டுறேன். பெரிய கூடம். நிறைய ஆளு. நடுவுல நீளமா அங்கி போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி தலையைக் குனிஞ்சு நிக்கிறா. எதுத்தாப்புல குண்டா ஒருத்தி கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா. அவ பலூன்ல என்ன போட்டிருக்கு தெரியுமா? 'கை நீளமானவளை மாளிகைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். நாம்தான் பூட்டி வைக்க வேண்டும்.'

அப்படியே தம்பி. வீட்டை மாளிகையாக்குனதைத் தவிர ஒரு வார்த்தை பிசகலை. கனகமணி வாயில இருந்து வந்ததை அப்படியே பிடிச்சு வச்சிருக்காரு. பேனா மூடியைக் கழட்டி மாட்டுன நேரத்துல அம்புட்டையும் மனசுக்குள்ள எழுதிக்கிட்டுத்தான் நின்னிருக்காரு. அடுத்த படத்துல கூரையைப் பிச்சுக்கிட்டு இடிவேந்தன் இறங்குறான். உன் பனியன்ல இருக்கிற அதே படம்தான். அதே வசனம்தான்.

உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. முதல்ல எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. குடத்துல தண்ணி நிறைஞ்சு வழியறது கூடத் தெரியாம அந்தப் பக்கத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். கண்ணுல தண்ணி. நமக்காக ஒருத்தன் கேட்டுட்டான்னு ஒரு நிமிஷம் தோணிப் போச்சு. பின்னாடி நின்னவ ஏசவும்தான் எனக்குத் தெளிஞ்சது. யாருக்காகக் கேட்டான்? அந்த வெள்ளைக்காரிக்காக. எனக்கு யாரு கேட்டா? சந்தோஷப்பட்டேனே, அதை நெனைச்சாத்தான் இன்னும் அருவருப்பா இருக்கு.

அன்னைக்கு அவருக்குச் சோத்தைப் போட்டுட்டு, கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு, "நான் கேட்கிறேன், சாம்பார் வேணுமா?"ன்னேன். அவரு தலையை நிமிர்த்தலை. "கொஞ்சம்"னாரு. மனுஷனா இது?

அதுல இருந்து அந்த வசனம் என்னை விடலை. பிள்ளைங்க லெட்டர் போடும், நான் கேட்கிறேன் அங்கிள்னு. கட்சிக்காரன் சுவத்துல எழுதுனான். இப்ப போன்ல வேற வருது. ஊருல எவன் எவனுக்கோ தைரியம் குடுக்குது. கனகமணி வீட்டு பீரோ மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அதே வசனம். அவ வாயில இருந்து வந்ததுக்குத்தான் அந்தப் பதில்னு அவளுக்கே தெரியாது. அவ அந்தப் புஸ்தகத்தைத் தொட்டதே இல்லை. எங்க கொழுந்தன் எழுதுனதுன்னு பெருமை மட்டும் பேசிக்கிடுவா.

இன்னைக்கு விழாவுக்கு நான் வரலைன்னுதான் சொன்னேன். எங்க மருமகதான் கேட்கலை. சிந்துஜான்னு பேரு. அவளாத்தான் விழா எடுத்த ரசிகப் பயலுகளோட போன்ல பேசி, கார் வச்சு, எனக்குப் பூ வாங்கி வச்சு, முன்வரிசையில இடம் போட்டு, எல்லாம் பண்ணுனா. எல்லாத்துலயும் முன்னாடி வந்து நிக்கணும் அவளுக்கு. வாய் வேற ஜாஸ்தி. போன மாசம் அவங்க சித்தி வந்திருக்கையில, உங்க வீட்டுல பிள்ளைக்குச் சமையலே சொல்லிக் குடுக்காம அனுப்பிட்டீங்களேன்னு நான் தமாஷாத்தான் சொன்னேன். அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உள்ளே போயிட்டா. என் மகன் செல்வகணேஷ் அந்த விஷயத்துல தங்கம். நான் அவளை என்ன சொன்னாலும் குறுக்கே வர மாட்டான். பேப்பரைப் பார்த்துக்கிட்டு இருப்பான்.

விட்ட இடத்துக்கு வர்றேன். விழாவுல ஒரு காலேஜ் வாத்தியாரு. அவருக்கு இதேதான் வேலையாம், பழைய காமிக்ஸைத் தேடுறது. அந்தப் புஸ்தகத்தோட அசலை எங்கேயோ வெளிநாட்டுல போயிப் பிடிச்சிருக்காரு. பெரிய திரையில அந்தப் படத்தைக் காட்டுறாரு. அதே கூடம், அதே வெள்ளைக்காரி. கேளு. அசல்ல அது பிறந்தநாள் விருந்தாம். தலையைக் குனிஞ்சு நிக்கிறவ அழலையாம், மெழுகுவத்தியை ஊதப் போறாளாம். குண்டா இருக்கிறவ கையை நீட்டிக்கிட்டு, கேக்கை வெட்டுங்கிறாளாம். கூரையில இருந்து குதிக்கிறவன் என்ன சொல்றான்? 'மன்னிக்கணும், வர்றதுக்குத் தாமதமாயிருச்சு.'

மண்டபமே சிரிச்சு உருண்டுச்சு. நீ இப்ப சிரிக்கிற மாதிரிதான். சிரி, உன்னைச் சொல்லிக் குத்தமில்லை.

சிரிப்பு அடங்குனதும் வாத்தியாரு மைக்கை எங்க வீட்டுக்காரரு கையில குடுத்துட்டாரு. குடுத்துட்டுக் கேட்டாரு பாரு ஒரு கேள்வி. "அப்ப இந்தக் குற்றச்சாட்டு, இந்த வசனம், எதுவுமே அசல்ல இல்லை. எல்லாம் உங்களோடது. எங்கே இருந்து சார் வந்துச்சு?"

அவரு நேரா என்னைப் பார்த்தாரு. என் பக்கத்து நாற்காலியில யாரு? கனகமணி. எண்பதை நெருங்கிருச்சு, காதுல மெஷின் மாட்டியிருக்கா, கழுத்துல அதே சங்கிலி. அவளைப் பார்த்தாரு. திரும்ப என்னைப் பார்த்தாரு. சொல்லிருவாரு, இப்ப சொல்லிருவாருன்னு நான் நாற்காலி நுனிக்கு வந்துட்டேன். என் பொண்டாட்டியைக் கூடத்துல நிக்க வச்சுத் திருடின்னாங்க, அவ எடுக்கலைன்னு சொன்னாப் போதும். கனகமணியைப் பேரு சொல்லித் திட்ட வேண்டாம். நான் எடுக்கலைன்னு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி ஒருதரம் சொன்னாப் போதும். வாயி திறந்துச்சு. நான் பார்த்தேன், திறந்துச்சு.

"சும்மா, படத்தைப் பார்த்ததும் தோணுச்சு"ன்னாரு.

கைதட்டு. அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னு தட்டுறான். கனகமணியும் தட்டுறா. தட்டிக்கிட்டே அந்தப் பக்கத்துல இருந்தவகிட்டச் சொல்றா, எங்க கொழுந்தன் சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், அநியாயத்தைக் கண்டாப் பொறுக்க மாட்டாருன்னு. என் காதுல விழுது.

அப்புறம் அந்த வசனத்தை ஒருதரம் சொல்லுங்க சார்னு எல்லாரும் கத்துறாங்க. மாட்டேன்னு சொல்லுவாருன்னு பார்த்தா, கண்ணாடியைக் கழட்டுனாரு. நிமிர்ந்து நின்னாரு. மைக்கைக் கூடத் தள்ளி வச்சுட்டாரு. சொன்னாரு பாரு. கேட்பதற்கு ஆளில்லை என்று நினைத்தாயா, நான் கேட்கிறேன். மண்டபம் அதிருது. அப்படி ஒரு குரலு அந்த மனுஷனுக்குள்ள இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். கூட இருந்து குடும்பம் நடத்துன எனக்கு. இருந்திருக்கு தம்பி. இல்லாம இல்லை. அன்னைக்கும் இருந்திருக்கு. உடம்பெல்லாம் கூசிப் போச்சு எனக்கு. த்தூன்னு எந்திரிச்சேன், பின்வாசல் வழியா வந்தேன், பஸ் ஏறிட்டேன்.

இரு, போன் அடிக்குது. மருமகதான்.

"என்ன?... பஸ்ல. திருமங்கலம் தாண்டிட்டேன். எதுக்குப் பதறுறே? நான் என்ன பச்சைப் பிள்ளையா?... என்னது, என்னால எல்லாரும் பயந்துட்டாங்களா? பண்றதையெல்லாம் பண்ணிட்டுப் பேச்சைப் பாரு. என்னை முன்வரிசையில உட்கார வைன்னு உன்கிட்ட யாருடி சொன்னது? நாலு பேரு முன்னாடி நல்ல பேரு வாங்கணும் உனக்கு. உங்க அம்மா வீட்டுல வேற என்னத்தைக் கத்துக் குடுத்தாங்க? ஒண்ணுக்கும் வக்கில்லாத வீட்டுல இருந்து கொண்டாந்து... என்ன? ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே? போடு. எல்லாரும் கேட்கட்டும். கனகமணி அக்காவும் பக்கத்துல இருக்காங்களா? நல்லதாப் போச்சு. செல்வம், நீயும் இருக்கியா? நான் சொல்றது தப்பாடா?... கேட்டியாடி? என் பிள்ளை வாயைத் திறக்கலை பாரு. ஏன்னா அவனுக்குத் தெரியும். வக்கில்லாத... யாரு?"

"யாரு பேசுறது?"

"..."

"ம்."

வச்சுட்டாங்க.

ஒண்ணுமில்லை தம்பி. தண்ணி பாட்டில் இருந்தா ஒரு வாய் குடு.

அவருதான். போனை வாங்கிப் பேசுறாரு. மேடையில பேசுன குரல் இல்லை. 'கொஞ்சம் தண்ணி'ம்பாரே, அந்தக் குரலுதான். "தவமணி, நிப்பாட்டு. அந்தப் பிள்ளை ஒரு தப்பும் பண்ணலை. இனிமே நாலு பேரு முன்னாடி அதை இப்படிப் பேசாதே." அம்புட்டுத்தான். அண்ணன் பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறா, மகன் நிக்கிறான், அத்தனை ஜனமும் நிக்குது. அம்புட்டுப் பேரு மத்தியில என்னை நிப்பாட்டுங்கிறாரு.

வந்துருச்சு பார்த்தியா, வாயில இருந்து. ஒரு ஆயுசு காத்துக் கிடந்தேன் அந்த வார்த்தைக்கு. அது நேத்து வந்தவளுக்குப் போகுது. நான் சாதாரணமா மாமியார் சொல்றதைச் சொன்னேன், அவ்வளவுதான். நீயும்தான் பக்கத்துல இருந்து கேட்டே. என்ன தம்பி, வெளியே பார்க்கிறே? இங்கே திரும்பு. நீயே சொல்லு, நான் அவளைத் திருடின்னா சொன்னேன்?